புகையை விடக் கூட்டு முயற்சி

உழவர் விவாதக் குழுக் கூட்டம் ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை



களைக் கட்டுப்பாடு பற்றியும் நீர் நிர்வாகம் பற்றியும் உங்களிடம் பேசி வருபவன் நான். இன்று பீடி, சிகரெட்டுப் பழக்கத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உழவியல் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கூட்டங்கள் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, உரத்தைப் பற்றியோ விதையைப் பற்றியோ கேட்பது போலவே உழவர்கள் சிலர் இதையும் கேட்பதுண்டு. “சார், பீடியை விட வேண்டும் என்றுதான் இருக்கிறது. நாலு நாள் விடுகிறேன். ஐந்தாம் நாள் கை தானாகப் போகிறது” என்பார்கள். புகை கெடுதல் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த ஐந்தாம் நாளை எப்படிக் கடப்பது என்பதே அவர்களுக்குத் தெரிய வேண்டியது. மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் நான் அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

நமக்கு உள்ள இழப்பு

2016-17-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 28.6 பேர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தினர். 100-க்கு 7.7 பேர் பீடி புகைத்தனர். சிகரெட்டு புகைத்தவர்களைவிடப் பீடி புகைத்தவர்களே மிகுதி.

நம் மாநிலத்திலேயே நடந்த ஆய்வு ஒன்றும் உண்டு. சென்னை நகரத்திலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரத்தையும், உயிருடன் இருந்த 35,000 ஆண்களின் விவரத்தையும் ஒப்பிட்டு, சென்னை மருத்துவர் கஜலட்சுமியும் இங்கிலாந்துப் பேராசிரியர் ரிச்சர்டு பீட்டோவும் மற்றவர்களும் 2003-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். புகைபிடிக்காதவர்களைவிடப் புகைபிடித்தவர்கள் காசநோயால் இறப்பது ஏறத்தாழ 4 மடங்கு அதிகம் என்று தெரிய வந்தது. மாரடைப்பு, புற்றுநோய் ஆகியவை இதற்கு மேல்.

“பீடி சிறியது, இலையில் சுற்றியது, அதனால் கெடுதல் குறைவு” என்று எண்ணுவோர் உண்டு. இது சரியன்று. பீடியில் புகையிலை குறைவுதான். ஆனால் அது அடிக்கடி அணைந்து போவதால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. எனவே ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளே செல்லும் நஞ்சு மிகுதியாகவே உள்ளது.

நிக்கோடின் செய்யும் வேலை

புகையிலையில் உள்ள நிக்கோடின் உங்களுக்குப் புதியதன்று. அசுவினிக்குப் புகையிலைக் கசாயம் தெளித்த பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். இன்று நாம் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குத் தெளிக்கும் இமிடாகுளோபிரிட் மருந்தும் பூச்சியின் நரம்பில் நிக்கோடின் தாக்கும் அதே இடத்தைத்தான் தாக்குகிறது. மனிதனின் மூளையிலும் நிக்கோடின் வந்து பொருந்தும் இடங்கள் உண்டு. புகையை இழுத்த 10 முதல் 20 நொடிகளுக்குள் அது மூளையை எட்டிவிடுகிறது. ஒருவித இன்ப உணர்வும் சுறுசுறுப்பும் தோன்றுகின்றன.

நாள்தோறும் புகைக்கும்போது மூளையில் இந்த இடங்கள் எண்ணிக்கையில் பெருகிவிடுகின்றன. இரத்தத்தில் உள்ள நிக்கோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். குறையக் குறைய அந்த இடங்கள் எல்லாம் காலியாகிக் கேட்கத் தொடங்குகின்றன. “பீடி கேட்கிறது” என்று நீங்கள் சொல்வது முற்றிலும் சரியான சொல். இரவு முழுவதும் புகைக்காமல் இருந்துவிட்டு விடிந்ததும் பல் துலக்கும் முன்பே பீடியைத் தேடுவது இதனால்தான்.

பழக்கத்தை நிறுத்தியதும் எரிச்சல், கோபம், தூக்கமின்மை, மிகுந்த பசி, மலச்சிக்கல் ஆகியவை தோன்றலாம். சிலருக்குச் சில நாட்கள் இருமல் கூடும். இவை முதல் 2, 3 நாட்களில் உச்சத்தில் இருக்கும். பெரும்பாலோர்க்கு 3, 4 வாரங்களில் அடங்கிவிடும். மூளையில் பெருகிய இடங்களும் சில வாரங்கள் முதல் மூன்று மாதங்களுக்குள் பழைய அளவிற்குத் திரும்புகின்றன. ஆகவே இது முடிவில்லாத துன்பம் அன்று. நாற்று விட்டு, நட்டு, வேர் பிடித்துப் பச்சை கட்டும் காலத்தைப் போல, கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டிய ஒரு குறிப்பிட்ட காலம் அவ்வளவே.

புகையிலைக் காளானும் பீடித் தவிப்பும்

திண்டுக்கல், ஈரோடு, வேதாரண்யம் பகுதிகளில் புகையிலை பயிரிட்டவர்களுக்குப் புகையிலைக் காளானைத் தெரியும். புகையிலையின் வேரைப் பற்றிக்கொண்டு சாற்றை உறிஞ்சி வளரும் ஒட்டுண்ணிக் களை அது. அதன் விதை தூசியைப் போன்றது. மண்ணில் பத்தாண்டுகளுக்கு மேலும் உயிருடன் உறங்கிக் கிடக்கும். மழை பெய்தாலும் உழுதாலும் தானாக முளைக்காது. புகையிலைச் செடியின் வேர் அருகில் வந்து, வேரிலிருந்து கசியும் பொருள் அதைத் தொட்டால்தான் முளைக்கும்.

பீடித் தவிப்பும் இவ்வாறே. ஒரு மாதம் பீடியைத் தொடாமல் இருந்தவர், “எனக்கு மறந்தே போயிற்று” என்பார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கையில் டம்ளரை வாங்கியதும் தவிப்பு முளைத்துவிடும். தேநீர், சாப்பாட்டிற்குப் பிந்திய நேரம், இரவில் மும்முனை மின்சாரத்திற்காக மோட்டார் அறையில் காத்திருப்பது, முறைத் தண்ணீர் பாய்ச்சும்போது வரப்பில் தனியே நிற்பது, “அண்ணே, நெருப்பு இருக்கா?” என்று ஒருவர் வந்து கேட்பது, கடன்காரரின் தொல்லை, மது ஆகிய ஒவ்வொன்றும் அந்த வேர்க்கசிவு போன்றதே.

எனவே முதல் வேலை, உங்கள் தவிப்பு எங்கெங்கே முளைக்கிறது என்று அறிவது. நிறுத்துவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, பற்ற வைக்கும் ஒவ்வொரு பீடிக்கும் நேரத்தையும் இடத்தையும் உடன் இருந்தவரையும் ஒரு சீட்டில் குறித்து வாருங்கள். அந்தச் சீட்டே உங்களுக்கு மண் ஆய்வு அறிக்கை. அதைப் பார்த்துத்தான் பரிந்துரை செய்ய முடியும்.

ஐந்து நிமிடத்தைக் கடத்தல்

ஒருமுறை எழும் தவிப்பு சில நிமிடங்களே நீடிக்கும். மடை திறந்ததும் சீறி வரும் தண்ணீர் சிறிது நேரத்தில் மட்டப்படுவதைப் போல, பீடி புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் அது தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களைக் கடக்கக் கீழ்க்கண்ட முறைகளைக் கையாளலாம்.

1. தள்ளிப் போடுங்கள். “பீடியே வேண்டாம்” என்று மனத்தோடு சண்டையிட வேண்டாம். “இந்தப் பாத்தி நிறையட்டும், பிறகு பார்க்கலாம்” என்று சொல்லிக்கொள்ளுங்கள். பாத்தி நிறைவதற்குள் தவிப்பு இறங்கியிருக்கும்.

2. ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல், மிடறு மிடறாகக் குடியுங்கள்.

3. மூச்சை மெதுவாக ஆழ இழுத்து, மெதுவாக விடுங்கள். இதைப் பத்து முறை செய்யுங்கள்.

4. கைக்கு வேலை கொடுங்கள். மண்வெட்டியை எடுத்து வாய்க்காலைச் சீர் செய்யலாம். மாட்டிற்குத் தண்ணீர் காட்டலாம். நின்ற இடத்தை விட்டு நகர்வதே பாதி மருந்து.

5. வாய்க்குச் சோம்பு, சீரகம், ஏலக்காய், நெல்லிக்காய், வறுத்த கடலை ஆகியவற்றில் ஒன்றை மடியில் வைத்திருங்கள். பீடிக்குப் பதிலாகப் புகையிலையோ பாக்கோ போடுவது கூடாது. புகையிலையைப் போலவே பாக்கும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்க வல்லது.

6. தேநீர், காப்பியைப் பாதியாகக் குறையுங்கள். புகைப்பவரின் உடலில் காப்பியின் சத்து விரைவாகக் கரைந்துவிடும். நிறுத்தியவுடன் அது மெதுவாகவே கரையும். அதனால் வழக்கமான நான்கு டம்ளர், எட்டு டம்ளர் போல வேலை செய்து படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். பீடியை விட்டதால் வந்தது என்று பலர் எண்ணும் தூக்கமின்மையில் ஒரு பகுதி இதனால் வருவதே.

துணை ஏன் வேண்டும்?

எலி ஒழிப்பை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மட்டும் தம் வயலில் கிட்டி வைத்து எலி பிடித்தால் என்ன ஆகும்? பத்து நாளில் பக்கத்து வயல் எலி வந்து குடியேறிவிடும். ஊரே சேர்ந்து ஒரே நேரத்தில் செய்தால்தான் பலன் உண்டு. பீடியும் அப்படித்தான். நம் ஊர்களில் பீடி தனி ஒருவரின் பழக்கமாக இருப்பதில்லை. ஒரு கட்டு நான்கு பேர் கைக்குப் போகிறது. ஒருவர் பற்ற வைத்தால் மூவர் நெருப்புக் கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னால், “என்ன, பெரிய மனுஷன் ஆயிட்டியா?” என்ற கேலி வேறு.

இதை மெய்ப்பிக்கும் ஆய்வு ஒன்று அமெரிக்காவில் பிரேமிங்காம் என்ற ஊரில் நடந்தது. அங்கு 12,067 பேர் யார் யாருக்கு நண்பர், உறவினர், உடன் பணிபுரிபவர் என்பதையும், அவர்கள் புகைத்தார்களா என்பதையும் 1971 முதல் 2003 வரை குறித்து வைத்திருந்தார்கள். கிறிஸ்டாக்கிஸ், பௌலர் என்ற இரு அறிஞர்கள் அதை ஆராய்ந்து 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பழகும் மனிதர்கள் கூட்டம் கூட்டமாகவே புகையை விட்டிருந்தார்கள். கணவன் மனைவியரில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 விழுக்காடு குறைந்தது. நண்பர் ஒருவர் விட்டால் 36 விழுக்காடும், சிறிய பணியிடத்தில் உடன் வேலை செய்பவர் விட்டால் 34 விழுக்காடும், உடன்பிறந்தவர் விட்டால் 25 விழுக்காடும் குறைந்தது. உடன்பிறப்பைவிட அன்றாடம் பக்கத்தில் நிற்பவருக்கே வலிமை அதிகம் என்பதைக் கவனியுங்கள். உங்கள் வரப்பில் நிற்பவர்தான் உங்களுக்கு மருந்து. பீடியை நீட்டுபவரும் அவரே, நிறுத்த உதவக் கூடியவரும் அவரே.

குழு அமைக்கும் முறை

வயல்வெளிப் பள்ளி நடத்தியவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும். வாரம் ஒருமுறை வயலுக்குப் போய், பூச்சியை எண்ணி, குறித்து, கூடிப் பேசி, செய்ய வேண்டியதை முடிவு செய்கிறோம் அல்லவா? அதே முறைதான் இதுவும்.

முதலாவதாக, அருகருகே வேலை செய்யும் 4 முதல் 7 பேர் சேர்ந்துகொள்ளுங்கள். ஓராண்டிற்கு முன் புகையை விட்ட ஒருவர் ஊரில் இருந்தால் அவரைத் தலைவராக வைத்துக்கொள்ளுங்கள். தவிப்பு எப்படி இருக்கும் என்பதை அவர் அறிவார். அவர் சொல்லுக்கு என் சொல்லைவிட எடை அதிகம்.

இரண்டாவதாக, எல்லோரும் ஒரே நாளில் நிறுத்துங்கள். இரண்டு வாரத்திற்குள் ஒரு நாளைக் குறியுங்கள். நடவு, அறுவடை நெருக்கடி, திருவிழா, கல்யாணம் ஆகியவை அடுத்த பத்து நாட்களுக்குள் இல்லாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, முதல் நாள் மாலையில் சட்டைப்பை, கூரை இடுக்கு, மோட்டார் அறை, வண்டிப் பெட்டி எல்லாவற்றையும் துழாவி, துண்டுப் பீடி உட்பட அகற்றுங்கள். தீப்பெட்டி அடுப்பங்கரையில் மட்டும் இருக்கட்டும்.

நான்காவதாக, இருவர் இருவராக இணை சேருங்கள். பெரியவர் முன் இளையவர் பீடியைப் பற்றி வாய் திறக்கக் கூசுவது நம் வழக்கம். ஆகவே ஒத்த வயதினரை இணை சேர்ப்பது நலம். முதல் வாரம் காலையும் மாலையும் இணைகள் சந்திக்க வேண்டும். பிறகு ஒரு மாதம் நாள்தோறும் ஒருமுறையாவது பேச வேண்டும். தவிப்பு எழுந்தால் எந்த நேரமும் கூப்பிடலாம் என்பது உடன்பாடாக இருக்கட்டும்.

ஐந்தாவதாக, மூன்று மாதம் வரை வாரம் ஒருமுறை கால்மணி நேரம் கூடுங்கள். எப்போது தவிப்பு வந்தது, என்ன செய்து கடந்தார் என்பதை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அறிவுரை கூறுவதை நிறுத்தி, கேட்பதற்கே முதலிடம் கொடுங்கள். ஒருவர் கண்ட உபாயம் மற்றவர்க்கு உதவும்.

ஆறாவதாக, மிச்சமாகும் காசைக் கண்ணால் காணுங்கள். நாள்தோறும் வாங்கிய கட்டின் விலையை ஓர் உண்டியலில் போட்டு வாருங்கள். அதை 365-ஆல் பெருக்கிப் பார்த்தால் எத்தனை மூட்டை உரம் என்பது விளங்கும்.

ஏழாவதாக, கூலி ஆட்களுக்குக் கூலியோடு பீடிக்கட்டும் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதே காசிற்குக் கடலை மிட்டாயோ கூடுதலாக ஒரு தேநீரோ கொடுக்கலாம். நாம் விட்டுவிட்டு, நம்மிடம் வேலை செய்பவர் கையில் கட்டைக் கொடுப்பது நேர்மையும் அன்று.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. முதல் இரண்டு வாரம் வீட்டுக்காரர் சிடுசிடுப்பார். அது நிக்கோடின் இறங்குவதன் அடையாளம். “உங்களால் முடியாது” என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லாதீர்கள். இன்று எத்தனையாவது நாள் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

ஒரு கிணற்றுக் குழுவின் அனுபவம்

கொங்குப் பகுதியில் ஒரு கூட்டுக் கிணற்றைச் சேர்ந்த ஐந்து பங்காளிகள் இம்முறையில் ஓர் ஆடிப் பெருக்கன்று பீடியை நிறுத்தினார்கள். ஐவருக்கும் முறைத் தண்ணீர். முறை மாறும் நேரத்தில் கிணற்று மேட்டில் நின்று பற்ற வைப்பது பல ஆண்டுப் பழக்கம். அவர்களில் இளையவருக்கு இரவு முறைதான் சோதனை. இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசியில் கூப்பிட்டு, “ரொம்பக் கேக்குதுங்கண்ணா” என்பார். “மோட்டாரை நிறுத்தாதே, வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு அண்ணன் டார்ச்சு விளக்குடன் நடந்து வருவார். அவர் வந்து சேர்வதற்குள் தவிப்பு போயிருக்கும். இருவரும் மேட்டில் உட்கார்ந்து வெங்காய விலையைப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஓராண்டு முடிவில் மூவர் முற்றிலும் விட்டிருந்தார்கள். நான்காமவர் ஒரு கல்யாண வீட்டிலும் ஒரு சாவு வீட்டிலும் தவறி, இருமுறையும் மறுநாளே திரும்பி வந்து, பிறகு நிலைத்துவிட்டார். ஐந்தாமவர் ஐவரில் மூத்தவர். மூன்று முறை முயன்றும் அவரால் இயலவில்லை. ஆனால் மற்றவர்கள் அவரை ஒதுக்கவில்லை. வாரக் கூட்டத்திற்கு அவர் வருவதும் நிற்கவில்லை. இன்றும் அவர் கிணற்று மேட்டில் பற்ற வைப்பதில்லை. “தம்பிகளுக்கு எதற்கு வாசனை காட்டணும்?” என்று சாலை வரை நடந்து போகிறார். அவருக்கு இப்போது மருத்துவர் வழியாக உதவி பெறும் முயற்சி நடக்கிறது.

தவறிவிட்டால்

பலர் ஒரே முயற்சியில் விடுவதில்லை. பல முயற்சிகளுக்குப் பிறகே விடுகிறார்கள். ஒரு பீடி புகைத்துவிட்டால், “எல்லாம் போயிற்று” என்று ஒரு கட்டையே வாங்குவதுதான் பெருந்தவறு. கோரையைக் கொத்தினோம், மீண்டும் இரண்டு முளை தலைகாட்டியது என்பதற்காக நிலத்தைக் கோரைக்கே விட்டுவிடுகிறோமா? முளைத்ததை உடனே கொத்துகிறோம். அன்றே இணையிடம் சொல்லிவிடுங்கள். எந்த இடத்தில், யாருடன் இருந்தபோது தவறியது என்று சீட்டில் குறித்து, அந்த இடத்திற்கு மாற்று வழி தேடுங்கள். இணையாக இருப்பவர் ஏசக் கூடாது. ஏசினால் அடுத்த முறை மறைப்பார். மறைத்தபின் குழுவினால் பயனில்லை.

எழுந்த அரை மணி நேரத்திற்குள் முதல் பீடியைப் பற்ற வைப்பவர்களுக்கு நிக்கோடின் பிடிப்பு மிகுதி. அவர்கள் குழுவோடு மருத்துவ உதவியையும் பெறுவது நல்லது. நிக்கோடின் அடங்கிய மெல்லும் பசை போன்ற மருந்துகள் உள்ளன. மருத்துவர் கூறும் அளவில் பயன்படுத்த வேண்டும். இதய நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் ஆலோசனை பெறலாம். தமிழிலும் பேசலாம். 2018-ஆம் ஆண்டு முதல் பீடி, சிகரெட்டுக் கட்டுகளின் மீதே இவ்வெண் அச்சிடப்பட்டு வருகிறது. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் இருந்தால் காலம் தாழ்த்தாமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

காலம் கடந்துவிடவில்லை

“இத்தனை வயதிற்கு மேல் விட்டு என்ன பயன்?” என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. இங்கிலாந்து மருத்துவர்கள் பல்லாயிரம் பேரை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ரிச்சர்டு டால் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் 2004-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். 60 வயதில் விட்டவர் சுமார் 3 ஆண்டுகளும், 50-இல் விட்டவர் 6 ஆண்டுகளும், 40-இல் விட்டவர் 9 ஆண்டுகளும், 30-இல் விட்டவர் 10 ஆண்டுகளும் கூடுதலாக ஆயுள் பெற்றார்கள். புகையை விட்ட ஓராண்டில் மாரடைப்பு அபாயத்தில் கூடியிருந்த பங்கு பாதியாகக் குறைகிறது. அறுபது வயதுக்காரருக்குக் கிடைக்கும் மூன்று ஆண்டு என்பது ஒரு பேரன் நடை பழகிப் பேச்சுப் பழகும் காலம். தென்னங்கன்று வைத்தவர் இளநீர் வெட்டும் காலமும் ஏறத்தாழ அதுவே.

ஆகவே உழவர் பெருமக்களே, இன்று வீடு திரும்பும் வழியில், உங்களோடு நாள்தோறும் பீடியைப் பகிர்ந்துகொள்பவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். அவரிடம், “நாம் இரண்டு பேரும் சேர்ந்து விட்டுப் பார்ப்போமா?” என்று கேளுங்கள். தனியே முயன்று ஐந்தாம் நாளில் தோற்றவர்கள், துணையோடு முயன்றால் அந்த ஐந்தாம் நாளைத் தாண்ட முடியும். அடுத்த கூட்டத்தில் வழக்கம்போல் களைக்கொல்லிகளைப் பற்றிப் பேசுவோம்.